ஏரி மைதானத்தின் ஸ்கோர் நோட்டு

தாம்பரத்தில் எம்.சி.சி. என்று சொன்னால் யாருக்கும் லண்டன் நினைவுக்கு வராது. கிரிக்கெட் சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் மேரில்போன் கிரிக்கெட் கிளப் 1787இல் பிறந்தது; நம்மூர் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846இல். இரண்டுக்கும் அதே மூன்றெழுத்துதான். ஆனால் இங்கே அந்த எழுத்துகள் குறிப்பது, 1937இல் பாரிமுனைப் பக்கத்தை விட்டுவந்து கிழக்குத் தாம்பரத்துப் புதர்க்காட்டில் குடியேறிய சென்னை கிறிஸ்தவக் கல்லூரியை. இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. விதி எழுதும் இடம் ஒன்று, விளையாடும் இடம் வேறு. புறநகரில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆடப்படும் டென்னிஸ் பந்து கிரிக்கெட், லண்டன் சட்டத்தில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியைத் தானே எழுதிக்கொண்டது. அந்த ஆட்டத்துக்கு ஒரு ஸ்கோர் செயலி எழுத உட்காரும் தனி ஆளை, வாரம் ஐந்து நாள் ஓ.எம்.ஆர். அலுவலகம் ஒன்றில் யாருடைய வங்கிக்கோ மென்பொருள் எழுதிவிட்டு ஆறாம் நாள் தன் ஆட்டத்துக்காக எழுதுகிறவரை, மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். தான் செய்வது தொழில் என்று அவர் நம்பலாம். என் பார்வையில் அது கணக்குப்பிள்ளை வேலை. செயலி ஐந்து வருடம் ஓடினாலே அதிசயம். நோட்டு ஐம்பது வருடம் இருக்க வேண்டும். எதை முதலில் கட்டுவது என்ற கேள்விக்கான விடையை இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க முடியும்.

எண்பதுகளையும் தொண்ணூறுகளையும் இந்தப் பக்கம் கழித்தவர்களுக்கு மைதானங்களின் வரிசை நினைவிருக்கும். பங்குனி, சித்திரையில் ஏரி வற்றியதும் மாடு மேயும் நடுத்திட்டில் பிட்ச் விழும். ரயில்வேக்குச் சொந்தமான வெற்றிடம், லே-அவுட் போட்டும் விற்காமல் கிடந்த மனைகள், விடுமுறை நாளில் கேட்டைப் பூட்ட மறக்கும் பள்ளிக்கூடம் என்று குரோம்பேட்டையிலிருந்து முடிச்சூர் வரை இடத்துக்குப் பஞ்சமில்லை. இடத்துக்கேற்ப விதி. ஒரு பிச் ஆகி ஒரு கையில் பிடித்தால் அவுட். அடித்த பந்து நேராக வீட்டுக்குள் விழுந்தால் அவுட், அதோடு மாமி திட்டுவதைக் கேட்டுக்கொண்டு பந்தை வாங்கிவருவதும் அடித்தவன் வேலை. சாக்கடையைத் தாண்டினால் இரண்டு டிக்ளேர். எல்.பி.டபிள்யூ. கிடையாது, ஏனென்றால் அம்பயர் பேட்டிங் பக்கத்து ஆள். மாங்கா எறிந்தால் நோ பால். ஆள் ஒற்றைப்படையில் இருந்தால் ஒருவன் ஜோக்கர், இரண்டு பக்கமும் பேட் பிடிப்பான். அடி தாங்காத பௌலர் மூன்று பந்தோடு பேபி ஓவர் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். இவ்வளவு நுணுக்கமாகச் சட்டம் வகுத்த ஊர் கணக்கை எங்கே எழுதியது? நாற்பது பக்க நோட்டின் கடைசிப் பக்கத்தில், இல்லையென்றால் செங்கல் துண்டால் சுவரில். 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் டையான டெஸ்டில் டீன் ஜோன்ஸ் 210 எடுத்தார் என்பதைச் சின்னப் பையனும் பத்து விநாடியில் பார்த்துச் சொல்லிவிடுவான். அதே வாரம் சேலையூரில் நடந்த ஒரு பெட் மேட்சில் ஜெயித்தது யார் என்பது ஜெயித்தவர்களுக்கே இன்று தெரியாது.

டீன் ஜோன்ஸின் 210 அவ்வளவு எளிதாகக் கையில் கிடைப்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. செயலி எழுதுகிறவர் படிக்க வேண்டிய கதை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சிக்கிக்கொண்ட இந்திய, இலங்கை, ஆங்கிலேய, ஆஸ்திரேலிய மாணவர்களுக்குக் கிரிக்கெட் ஸ்கோர் தெரிய வழியில்லை. அந்த நாட்டுச் செய்தித்தாளில் அது வராது. வானொலி கேட்க முடிந்த ஒருவர் அரட்டை அறையில் பந்து பந்தாகத் தட்டச்சு செய்வார், உலகின் பல மூலைகளில் இருந்தவர்கள் திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். 1993 மார்ச்சில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளராக இருந்த சைமன் கிங், கேட்டவுடன் ஸ்கோரை எடுத்துக் கொடுக்கும் ஒரு நிரலை அந்த அரட்டை அறைக்குள் விட்டார். கிரிக்இன்ஃபோ பிறந்தது அப்படித்தான். அதை வளர்த்தவர்களில் ஒருவர், நாகப்பட்டினத்தில் வளர்ந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சிக்குப் போயிருந்த பத்ரி சேஷாத்ரி. தமிழ் வாசகர்களுக்கு அவரைப் பின்னாளில் கிழக்கு பதிப்பகத்தைத் தொடங்கியவராகத்தான் அதிகம் தெரியும். பழைய டெஸ்ட் ஸ்கோர்கார்டுகளைப் புத்தகம் பார்த்து வரி வரியாக அடித்து ஏற்றியவர்கள் பலர். யாருக்கும் சம்பளம் கிடையாது. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, மாணவர் கணக்கில் வெறும் எழுத்து மட்டும் தெரியும் திரை கிடைத்தது. படமில்லாத அந்தத் திரைக்குக் கிரிக்கெட் ஸ்கோர் கச்சிதமாகப் பொருந்தியது. பிற்பாடு வந்த பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்குக் காசு கொடுத்துப் பையன்கள் பார்த்ததும் இதைத்தான்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தன்னார்வலர்களின் கூட்டம் நிறுவனமானது. 2003இல் விஸ்டன் குழுமத்தின் கைக்குப் போனது, 2007இல் ஈ.எஸ்.பி.என். வாங்கிக்கொண்டது. இதில் துரோகம் எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. கோடிக்கணக்கானவர் ஒரே நேரத்தில் பார்க்கும் தளத்தை மாணவர் விடுதியிலிருந்து நடத்த முடியாது. அந்தப் பக்கங்கள் இன்றும் இலவசமாகத் திறக்கின்றன. ஆனால் இரவு கண் விழித்து அடித்துக்கொடுத்த ஸ்கோர்கார்டுகள், கேட்கவோ மறுக்கவோ அடித்தவர்களுக்கு வழியில்லாமல், ஒரு நிறுவனத்தின் சொத்துப் பட்டியலில் ஒரு வரியாக ஏறின. அமெரிக்க பேஸ்பாலில் இதற்கு எதிர்த்திசையில் ஒரு வேலை நடந்தது. ஒவ்வொரு ஆட்டத்தின் முழு விவரத்தையும் வைத்திருந்த நிறுவனம் அதை ரசிகர்களுக்குக் கொடுக்க மறுத்தது. கோபமடைந்த பில் ஜேம்ஸ், 1984இல் ஊருக்கு ஊர் ரசிகர்களே உட்கார்ந்து ஸ்கோர் எழுதுவோம் என்று அழைப்பு விடுத்தார். 1989இல் டெலவேர் பல்கலைக்கழக உயிரியல் பேராசிரியர் டேவிட் ஸ்மித், பரணிலும் பெட்டியிலும் கிடந்த பழைய ஸ்கோர் தாள்களைத் திரட்டி யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வைக்கத் தொடங்கினார். ரெட்ரோஷீட் என்று அதற்குப் பெயர். கிரிக்கெட்டில் அந்த வேலையை ஸ்டீபன் ரஷ் என்ற தனி மனிதர் செய்கிறார். அவருடைய கிரிக்ஷீட் பந்து பந்தான தரவை எளிய கோப்புகளாகக் கொடுக்கிறது. பளபளக்கும் திரை எதுவும் அதில் கிடையாது. ஆனாலும் இன்று கல்லூரிப் பிள்ளைகள் எழுதும் கிரிக்கெட் ஆய்வுகளில் பெரும்பாலானவை அந்தக் கோப்புகளின் மேல் நிற்கின்றன.

எதிர்ப்பக்கத்துச் சாட்சியும் ஒன்று சொல்ல வேண்டும். டென்மார்க்கில் 2007இல் தொடங்கிய எண்டோமொண்டோ, ஓடுகிறவர்களுக்கும் சைக்கிள் மிதிப்பவர்களுக்கும் பிரியமான செயலி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடிகாலையில் மிதித்தவர்களில் அதை வைத்திருந்தவர்கள் உண்டு. 2015இல் ஒரு பெரிய விளையாட்டு உடை நிறுவனம் அதை எட்டரைக் கோடி டாலருக்கு வாங்கியது. 2020 டிசம்பர் 31 அன்று மூடிவிட்டது. தங்கள் பதிவை எடுத்துக்கொள்ளப் பயனாளர்களுக்கு அவகாசம் தரப்பட்டது, உண்மை. அறிவிப்பைப் படித்தவர் எடுத்தார், படிக்காதவருக்குப் பத்து வருட ஓட்டம் காற்றோடு போனது. தோற்றுப்போன செயலி மட்டும்தான் சாகும் என்பதில்லை, ஜெயித்து நல்ல விலைக்குப் போன செயலியும் சாகும். ஆகவே நம் தனி மென்பொருள்காரர் ஜெயிப்பாரா தோற்பாரா என்ற கேள்வி நோட்டைப் பொறுத்தவரை அவசியமற்றது. அவர் எழுதும் ஒவ்வொரு ஆட்டமும், ஆடிய அணி கையோடு எடுத்துப்போகக் கூடிய, வேறு எந்த நிரலும் படிக்கக் கூடிய சாதாரணக் கோப்பாக அன்று மாலையே வெளியே வரவேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

இதற்குச் சொல்லப்படும் முதல் மறுப்பு வலுவானது. கிரிக்ஹீரோஸ் இருக்கும்போது இன்னொன்று எதற்கு? அகமதாபாத்திலிருந்து வந்த அந்தச் செயலி இன்று நாடெங்கும் கிளப் ஆட்டம், டென்னிஸ் பந்து ஆட்டம் எல்லாவற்றுக்கும் ஸ்கோர் எழுதப் பயன்படுகிறது, இலவசமாக. டோர்னமெண்ட் நடத்துகிறவர்களுக்கு அது பெரிய வசதி. நான் அதைக் குறைசொல்ல வரவில்லை. என் பதில் வேறு. நாடு முழுவதற்கும் ஒரே செயலி என்றால் அதன் விதிகள் பெரும்பான்மையை ஒட்டியே இருக்கும். பேபி ஓவர் வேண்டும் என்று பம்மல் கேட்கும், வேறொன்று வேண்டும் என்று ராஞ்சி கேட்கும். இரண்டும் ஒன்றோடொன்று முட்டும். அப்போது நிறுவனம் செய்யக்கூடியது விதியை நேராக்குவதுதான். தெரு விதி சில்லறை விஷயம், நேராகிவிட்டுப் போகட்டுமே என்பவர்கள் கிரிக்கெட்டின் பழைய கணக்கைப் புரட்ட வேண்டும். இங்கிலாந்தில் 1889 வரை ஓவருக்கு 4 பந்து, பிறகு 5, 1900 முதல்தான் 6. ஆஸ்திரேலியாவில் 1978-79 வரை 8 பந்து ஓவர் வீசினார்கள், டெஸ்டில்கூட. 2021இல் இங்கிலாந்து தொடங்கிய 'தி ஹண்ட்ரட்' மறுபடி ஐந்து ஐந்தாக எண்ணுகிறது. கிரிக்ஷீட் கோப்பைத் திறந்து பாருங்கள், ஓவருக்கு எத்தனை பந்து என்பதற்குத் தனியாக ஒரு கட்டம் இருக்கும். ஆறு என்பது இயற்கை விதி இல்லை என்று ரஷ்ஷுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அடக்கம்தான் நல்ல கணக்குப்பிள்ளைக்கு அடையாளம். ஜோக்கர் என்ற ஒரு ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் ஒரே ஆட்டத்தில் இரண்டு அணியிலும் இருப்பான் என்பதை, தரவு அட்டவணை போடும்போதே நினைத்திருந்தால் ஒரு மணி நேர வேலை. பிறகு சேர்க்க வேண்டும் என்றால் வீட்டின் அஸ்திவாரத்தைத் தோண்ட வேண்டும். அதை முதலிலேயே நினைப்பவர் யார்? தானே ஜோக்கராக நின்றவர்தான்.

இரண்டாவது மறுப்பை ரசனையுள்ளவர்கள் எழுப்புவார்கள். தெரு கிரிக்கெட்டின் சுகமே அது மறந்துபோவதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பந்தும் எழுதப்படும் என்று தெரிந்தால் பையன்கள் சராசரிக்காக ஆட ஆரம்பிப்பார்கள், ஜோக்கரை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பார்கள். இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். தரவரிசை, பதக்கம், 'இந்த வாரத்தின் பேட்ஸ்மேன்' என்று செயலிகள் அள்ளி வீசும் மிட்டாய்கள் ஆட்டத்தைக் கெடுக்கக் கூடியவையே. அவற்றைச் சேர்க்காமல் விடுவது தனி மென்பொருள்காரர் கையில் இருக்கிறது, ஏனென்றால் முதலீட்டாளர் யாரும் அவரிடம் எண்ணிக்கை கேட்கப் போவதில்லை. மறப்பது சுகம் என்ற மறுபாதியை என்னால் ஏற்க முடியவில்லை. சேலம் சின்னப்பம்பட்டி டி. நடராஜனை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்தவர், இருபது வயதை ஒட்டித்தான் சென்னை லீக் பக்கம் வந்தார். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். எந்தச் செயலியும் இல்லாமல்தானே அவர் கிடைத்தார் என்று கேட்கலாம். கிடைத்தார், கை கொடுத்துத் தூக்கிவிட ஊரில் ஒரு மூத்தவர் இருந்ததால். அந்த யார்க்கர்களை அவர் எத்தனை வருடம் எத்தனை மைதானங்களில் போட்டார் என்பதற்கு நம்மிடம் ஒரு தாளும் இல்லை. பார்க்க ஆள் இல்லாத ஊர்களில் போடப்பட்ட யார்க்கர்களுக்குத் தாளும் இல்லை, பெயரும் இல்லை.

சராசரி வெறியைவிடக் கவலைக்குரியவை இரண்டு. ஒன்று பெட் மேட்ச். பந்து வாங்கும் காசுக்கு ஆடுவது ஒரு ரகம், அதற்கு மேல் போவது வேறு ரகம் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். செயலி பணக் கணக்கைத் தொடவே கூடாது. நேரடி ஸ்கோரை ஊருக்கே ஒளிபரப்பவும் கூடாது; ஆட்டம் முடிந்த பின் நோட்டு திறந்தால் போதும். மற்றது பையன்களின் பெயர். ஏரி மைதானத்தில் ஆடுபவர்களில் பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றே கொள்கிறது. அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஒற்றை ஆளுக்கு இது பாரம்தான். ஆனால் தெரு ஏற்கெனவே இதற்கு ஒரு தீர்வு வைத்திருக்கிறது. அங்கே யாருக்கும் முழுப்பெயர் கிடையாது. குள்ளா, தாடி, சோடாபுட்டி என்று பட்டப்பெயரில் எழுதி, போன் எண்ணே கேட்காமல், நோட்டை அணியின் போனிலேயே வைத்துவிட்டால் பெரும்பகுதிக் கவலை தீர்கிறது. பத்து வருடம் கழித்துத் தாடி யார் என்பது தாடிக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் தெரிந்தால் போதாதா?

தனி ஆள் கைவிட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. கல்யாணம் ஆகும், கனடா போவார், ஆண்ட்ராய்டு மாறும், செயலி திறக்காது. எல்லாம் நடக்கும். அதனால்தான் கோப்பு முதலில் என்றேன். ஆனால் தனி ஆள் என்றாலே கைவிடுவார் என்பதும் சரியில்லை. கோவளத்தில் காற்றுப் பார்த்துப் பாய் விரிப்பவர்கள் பார்க்கும் விண்ட்குருவை எழுதியவர் வாட்ஸ்லாவ் ஹோர்னிக் என்ற விண்ட்சர்ஃபிங் பிரியர், அதுவும் கடலே இல்லாத செக் நாட்டில். காற்று எப்போது வரும் என்று தனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதத் தொடங்கியது, இருபது வருடத்துக்கு மேல் நிற்கிறது. தனக்குத் தேவையானதை எழுதுகிறவர் அவ்வளவு சீக்கிரம் சலித்துப்போவதில்லை. செலவும் பயமுறுத்தும் அளவில் இல்லை. 10 ஓவர் ஆட்டம் ஒன்றின் முழுக் கணக்கு ஒரு புகைப்படத்தின் சிறு பங்கு இடத்தைக்கூடப் பிடிக்காது. நேரடி ஒளிபரப்பை விட்டுவிட்டால் சர்வர் வாடகையும் போகிறது, விளம்பரம் போட வேண்டிய கட்டாயமும் போகிறது.

மைதானத்தில் நின்றால்தான் தெரியும் சங்கதிகள் சில உண்டு. கிரிக்கெட் சட்டத்தின் 3ஆம் பிரிவு இரண்டு ஸ்கோரர்கள் வேண்டும் என்கிறது; அடிக்கடி இருவர் கணக்கையும் ஒத்துப்பார்க்கச் சொல்கிறது. தெருவில் ஸ்கோரர் என்பவன் அடுத்து பேட்டிங் இறங்க வேண்டியவன். விக்கெட் விழுந்ததும் போனை அடுத்தவன் கையில் திணித்துவிட்டு ஓடுவான். ஓர் ஆட்டத்துக்குள் போன் ஐந்தாறு கை மாறும். சித்திரை வெயிலில் திரை கண்ணுக்குத் தெரியாது, விரலில் வியர்வையும் மண்ணும். ஆகவே பெரிய எழுத்து, கட்டை விரலுக்கு எட்டும் நான்கைந்து பொத்தான், இணையமில்லாமலும் வேலை செய்யும் குணம் வேண்டும். அழகு அதற்குப் பிறகு. எல்லாவற்றையும்விட முக்கியம், அழித்ததும் தெரிகிற அழிப்பு. 'அது வைட், நீ ஏன் போடல' என்று சண்டை வரும்போது யார் எந்தப் பந்தைத் திருத்தினார் என்று செயலி காட்ட வேண்டும். நோட்டில் அடித்தெழுதியது அடியில் தெரியும், அந்த நேர்மை போனிலும் இருக்கட்டும். எதிரணிப் போனிலும் அதே ஆட்டம் எழுதப்பட்டு, முடிவில் இரண்டும் ஒத்துப்பார்க்கப்பட்டால், லண்டன் சட்டத்தின் 3ஆம் பிரிவு முதன்முறையாக மாடம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தது என்று சொல்லலாம்.

நோட்டின் தலைப்பு வரியில் இன்னொன்றும் எழுதப்பட வேண்டும், மைதானத்தின் பெயர். 'சென்னை 600028' 2007இலும் 'லப்பர் பந்து' 2024இலும் வந்து தெருவையும் ஊர்த் திடலையும் திரையில் வைத்தன. அந்தப் படங்களில் ஆட்டத்துக்கு இணையாக இடத்துக்கும் ஒரு பாத்திரம் உண்டு. இந்தப் பக்கத்து இடங்கள் வேகமாக மாறுகின்றன. விற்காத மனைகள் விற்றுவிட்டன. சில ஏரிகள் கரை கட்டி, நடைபாதை போட்டு, தண்ணீர் நிற்கும் ஏரிகளாகவே திரும்பியிருக்கின்றன. அது ஊருக்கு நல்லது, 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் பட்ட பாட்டைப் பார்த்தவர் யாரும் ஏரிக்குள் பிட்ச் வேண்டும் என்று கேட்க மாட்டார். மைதானம் போகட்டும். அங்கே ஆட்டம் நடந்தது என்ற ஒரு வரியும் அதோடு போகக்கூடாது. 'புளியமரத்து கிரவுண்டு', 'டேங்க் கிரவுண்டு' என்று பையன்கள் வாயில் வரும் பெயரைத் தட்டினால் போதும். வரைபடச் செயலி சொல்லும் பெயர் யாருக்கும் புரியாது.

எழுத நினைப்பவருக்கு ஒரு வார்த்தை. கார்த்திகை மழை வந்துவிட்டால் இந்தப் பக்கம் ஆட்டம் நிற்கும். ஏரியோரத் திடல்கள் காய்ந்து பிட்ச் விழ மாசி, பங்குனி ஆகும். நடுவில் மூன்று மாதமாவது இருக்கிறது. கோப்பை வெளியே எடுக்கும் பொத்தானை முதல் வாரத்திலேயே எழுதிவிடுங்கள்.